கிரீன் மேட்டும் நாலடி டியூப்லைட்டும்

இருபது வருஷத்துக்கு முன்னால் சாலிகிராமத்தில் சின்னதாக எடிட்டிங் ஸ்டுடியோ நடத்திய எங்களுக்கு, சொந்தமாக ஒரு கிரீன் மேட், அதாவது பின்னணியை மாற்ற உதவும் பச்சைத் துணி, என்பது பெரிய ஆசை. பெரிய ஸ்டுடியோவில் தளம் எடுக்க வசதியில்லை. கையில் இருந்தவை 10க்கு 15 அடி மாடி அறை, டேப்பில் பதியும் ஒரு கேமரா, கல்யாண வீடியோக்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போன 1000 வாட் ஹாலஜன்கள்.

ஹாலஜன் வெளிச்சம் ஒரு சின்னப் புள்ளியிலிருந்து கிளம்புவது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகிவிடும். அந்தச் சின்ன அறையில் துணிக்குப் பக்கத்தில் வைத்ததும் நடுவில் வெளிறிய திட்டு, ஓரங்களில் கரும்பச்சை. இரண்டும் ஒரே பச்சை என்று கம்ப்யூட்டருக்கு யார் சொல்வது? போதாததற்கு, அந்த டேப் நான்கு புள்ளிகளுக்கு ஒரு நிறத் தகவலைத்தான் பதியும். பச்சையை நீக்கிக் கீ பண்ணினால் தலைமுடி ஓரமெல்லாம் ரம்பப் பல்லாக வந்து நிற்கும்.

வழி காட்டியவர் ஒரு வயதான லைட்மேன். "பவர் வேணாம் தம்பி, நீளம் வேணும். டியூப்லைட் வாங்கிட்டு வா" என்றார்.

ஒரே கம்பெனி, ஒரே நிறம், 36 வாட், நாலடி டியூப்கள். பலகையில் நான்கு நான்காக அடித்து, மேட்டின் இரு பக்கமும் செங்குத்தாக நிறுத்தினார். இடப்பக்க விளக்கை வலது ஓரம் பார்த்தும், வலப்பக்க விளக்கை இடது ஓரம் பார்த்தும் திருப்பினார். கிட்டத்தில் விழும் அதிக வெளிச்சத்தை இப்படிக் கழித்துவிடலாம். மேலே பட்டர் பேப்பர். பருத்தித் துணியைச் சுருக்கமில்லாமல் பைப் சட்டத்தில் இழுத்துக் கட்டச் சொன்னார். மீட்டர் கிடையாது. மானிட்டரைப் பார்த்துக்கொண்டே கேமராவின் ஐரிஸை மெல்ல மூடுவார். எந்த மூலை முதலில் இருளுகிறதோ அங்கே ஒரு டியூப் நகரும். ஆளை மேட்டிலிருந்து ஆறேழு அடி தள்ளி நிறுத்தி, அவருக்குத் தனி விளக்கு. கழுத்தில் பச்சை ஏறாமல் போனது அந்த இடைவெளியால்தான்.

காசில்லாததால் நாங்கள் எடுத்த டியூப்லைட்டை ஹாலிவுட் ஏற்கெனவே விரும்பி எடுத்திருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. 1987இல் வெளியான 'பார்ஃப்ளை' படத்துக்காக, பெரிய விளக்குகள் நுழையாத இடத்தில், அதன் விளக்கமைப்பாளர் ஃப்ரீடர் ஹாக்ஹைம் சோக்கைத் தனியே தள்ளிவைத்து டியூப்களை மட்டும் சுவரில் பொருத்தினார். கினோ ஃப்ளோ என்ற சினிமா டியூப் விளக்குகள் பிறந்தது அப்படித்தான். அந்த லைட்மேனுக்கு இதைச் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் உண்டு.

இன்று என்னிடம் வரும் பிள்ளைகளின் கையில் 4கே எடுக்கும் போன், பல நிறம் காட்டும் எல்இடி பேனல். வசதி இத்தனை வந்தபிறகும் அவர்கள் கொண்டுவரும் படங்களில் அதே வெளிறிய திட்டைப் பார்க்கிறேன். பேனல் சிறியது, துணிக்கு மிக அருகே நிற்கிறது. ஹாலஜன் செய்ததையே அதுவும் செய்கிறது. பெரும்பாலான போன்கள் இன்னமும் நான்கு புள்ளிக்கு ஒரு நிறம்தான் பதிகின்றன. போதாக்குறைக்கு, நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். போன் 30 ஃப்ரேமில் ஓடும்போது மலிவு எல்இடியின் துடிப்பு பட்டை பட்டையாக ஓடுகிறது. சாஃப்ட்வேர் சரிசெய்துவிடும் என்கிறார்கள். திட்டை ஓரளவு மறைக்கும். தின்றுபோன முடியைத் திருப்பித் தராது.

அடுத்த பேனலுக்குக் கடன் வாங்குமுன் இருப்பதை வைத்துப் பாருங்கள், தம்பிகளே. விளக்கைப் பின்னால் தள்ளுங்கள், எதிர் ஓரத்துக்குத் திருப்புங்கள், ஆளை மேட்டிலிருந்து விலக்கி நிறுத்துங்கள், 25 ஃப்ரேமில் 1/50 ஷட்டர் வையுங்கள். அதற்கும் வெளிச்சம் போதாவிட்டால், தெருமுனை எலக்ட்ரிக்கல் கடையில் ஒரே நிறத்தில் நாலடி எல்இடி டியூப்கள் கிடைக்கும். துடிப்பு இருக்கிறதா என்று போனில் பார்த்து வாங்குங்கள்.