பெரிய மடிக்கணினிக்கு எந்தத் திரை?

கேள்வி: 17.3 அங்குல மடிக்கணினி வாங்க உத்தேசம். நாள் முழுவதும் எழுத்து வேலைதான். 4கே ஓஎல்இடி திரையே சிறந்தது என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: கடையிலுள்ள திரையில் மயில் தோகை விரிக்கும், தங்கள் மேஜையிலோ வெள்ளைத் தாளும் கறுப்பு எழுத்துமே நாளெல்லாம் காட்சி தரும். 1920×1080 திரையில் அங்குலத்துக்குச் சுமார் 127 புள்ளிகளே அமைவதால், சிறிய எழுத்தில் ணகரத்தின் மூன்று சுழிகளும் நெருங்கிக் குழம்பி, மெய்யின் தலைப்புள்ளி மங்கி, கண்ணுக்கு வீண் சிரமம் உண்டாகிறது. 4கே திரையில் அவை அச்சிட்டாற்போல் துலங்கும் என்பது மெய்யே. ஆயினும் நான்கு மடங்கு புள்ளிகளைப் போஷிக்கும் பாரம் பாட்டரியின் தலையில் விழுகிறது. இடைப்பட்ட 2560×1440, அதாவது அங்குலத்துக்குச் சுமார் 170 புள்ளிகள், எழுதுகிறவர்களுக்கு உத்தமம். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணைவதால் கறுப்பு பூரணக் கறுப்பாய் இருக்கும். சினிமா ரசிகர்களுக்கு அது பரமானந்தம். எனினும், திரையின் அடியிலுள்ள பட்டை போன்ற அசையாத உருவங்கள் வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அவற்றின் தடம் நிரந்தரமாகப் பதிந்துவிடக்கூடுமாதலால், தங்களுக்கு ஐபிஎஸ் என்னும் மாற்று வகைத் திரையையே மனப்பூர்வமாகச் சிபாரிசு செய்கிறேன். வாங்குமுன் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்துக்குப் பதில் தங்கள் திருமுகம் தெரிந்தால், பளபளப்பற்ற மேற்பரப்புள்ள வேறொன்றைக் கேளுங்கள்.