பன்னிரண்டாவது ஆள்

சிங்கப்பூரில் நாலு தமிழ்க் குடும்பங்கள் நெருங்கிப் பழகிவிட்டால், அதில் ஒருவர் ஏற்பாட்டு அண்ணன் ஆகிவிடுவார். யாரும் அவரை நியமிப்பதில்லை. ஒருநாள் சாப்பாட்டுக் கடையில் பில் வந்ததும் எல்லோரும் கூரையைப் பார்க்க, அவர் மட்டும் கைப்பேசியில் கணக்கை எடுத்து, ஆளுக்கு எவ்வளவு என்று காசு பிசகாமல் வகுத்துச் சொல்லியிருப்பார். அன்றோடு அவர் தலைவிதி முடிவாகிவிடும். அதன் பிறகு ஜொகூருக்கு மளிகை வாங்கப் போக வேன் பேசுவதும், பிள்ளைகளின் பிறந்தநாளுக்குப் புளோக்கின் கீழ்த்தளத்தைப் பதிவு செய்வதும், தைப்பூசத்துக்கு யார் எத்தனை மணிக்கு எங்கே நிற்பது என்று முடிவு செய்வதும் அவர் வேலை.

எங்கள் ஏற்பாட்டு அண்ணன் சாங்கி பிசினஸ் பார்க்கில் கணினித் துறையில் இருக்கிறார். மற்றவர்கள் எந்த வேலையை எந்தத் தேதிக்குள் முடிப்பார்கள் என்று அட்டவணை போடுவது உத்தியோகம். அவர்கள் முடிப்பதில்லை. அந்த ஏக்கத்தை எங்களிடம் தீர்த்துக்கொள்கிறார் என்பது என் கணிப்பு.

ஒரு வருஷம் பொங்கல் முடிந்த கையோடு அவருக்கு உபின் வந்துவிட்டது, சிலருக்குப் பனிக்காலத்தில் இளைப்பு வருவதுபோல. ஜூன் பள்ளி விடுமுறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையில் போய் மாலையில் திரும்ப வேண்டிய ஒரு தீவுக்கு ஜனவரியிலேயே குழு தொடங்கப்பட்டது.

புலாவ் உபின் தெரியாதவர்களுக்கு: சிங்கப்பூரின் வடகிழக்கு மூலையில், சாங்கியிலிருந்து படகில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் போய்விடக்கூடிய தீவு. பரப்பு 10 சதுர கிலோமீட்டர் சொச்சம். ஒரு காலத்தில் கருங்கல் வெட்டிய ஊர். குவாரிகள் மூடி, குழிகளில் தண்ணீர் நிரம்பி, காடு திரும்பி வந்துவிட்டது. மனிதர்கள் குறைந்து, காட்டுப்பன்றிகளும் குரங்குகளும் கூடிவிட்டன. அங்கே போகிறவர்கள் ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்து, கண்ட பாதையில் மிதித்து, வழி தவறி, இளநீர் குடித்துவிட்டு வருவார்கள். இதற்கு ஐந்து தாள் திட்டம் தேவைப்படுகிற மனிதரைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மலையேற்றம் என்றுதான் அறிவித்தார். மலையின் பெயர் புவாகா. உயரம் சுமார் 75 மீட்டர். அண்ணன் வசிப்பதோ தோ பாயோவில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியின் முப்பத்திரண்டாவது தளம். கணக்குப் பார்த்தால், புவாகாவின் உச்சிக்கு அவர் ஏறிப் போகவில்லை. வீட்டிலிருந்து இறங்கித்தான் போகிறார். இதை நாங்கள் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. அதற்குள் மலையேற்றக் கம்பு வாங்கிவிட்டார். அட்டை கடிக்காத காலுறை, கழுத்தில் மாட்ட ஊதல், வியர்வையில் போன உப்பைத் திரும்பக் கொடுக்கும் பொடி என்று ஒவ்வொன்றாகக் குழுவில் படம் வந்தது. எங்களுக்கும் வாங்கச் சொல்லித் தள்ளுபடி விவரத்தோடு வந்தது.

தாள்களில் எல்லாம் இருந்தது. செக் ஜாவாவுக்குத் தனித் தாள். தீவின் கிழக்கு முனையில் இருக்கும் அந்தச் சதுப்புக் கரையைத் தூர்த்து நிலமாக்க அரசு திட்டமிட்டிருந்தது. மக்களும் இயற்கை ஆர்வலர்களும் மன்றாடியதில் 2001 இறுதியில் அதைத் தள்ளிவைத்தார்கள். 2007இல் கடலுக்கு மேல் பலகைப் பாதை போட்டார்கள். கடல்மட்டம் அரை மீட்டருக்கும் கீழே இறங்கும்போதுதான் சேறும் கடற்புல்லும் நட்சத்திர மீனும் வெளியே தெரியும். அண்ணன் ஆறு மாத ஓத அட்டவணையை அலசி, ஜூனில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்தார். அன்று காலை எட்டரை மணிக்கு வாசல் திறக்கும்போது தண்ணீர் உள்வாங்கியிருக்கும். துறையிலிருந்து அங்கே சுமார் 3 கிலோமீட்டர் நடை. ஆகவே ஏழு மணிப் படகு. ஆகவே படகுத்துறையில் 6.45. ஆகவே எங்கள் ஞாயிற்றுக்கிழமை செத்தது.

ஏழு மணிப் படகு என்றேன் அல்லவா? அப்படி ஒன்று கிடையாது. அண்ணனின் மொத்த வாழ்க்கைக்கும் சவால் விடுகிற இடம் சாங்கி பாயிண்ட் படகுத்துறை. பேருந்து இன்னும் எத்தனை நிமிடத்தில் வரும் என்பதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டுச் செருப்பு மாட்டுகிற இந்த நாட்டில், உபின் படகுக்கு மட்டும் நேரமும் இல்லை, முன்பதிவும் இல்லை. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் புறப்படும். தலைக்கு 4 வெள்ளி. சேராவிட்டால் சேரும்வரை காத்திருக்கலாம். பொறுமை இல்லாதவர் 48 வெள்ளியையும் தானே கொடுத்துவிட்டுப் போகலாம். இரண்டு வரியில் முடிகிற விதி. அண்ணனால் இதை ஏற்க முடியவில்லை. மார்ச்சில் ஒரு நாள் நேரிலேயே போய், படகுக்காரப் பெரியவரைப் பிடித்தார்.

“அங்கிள், செவன் ஓ கிளாக் போட் உண்டா?”

“டுவெல்வ் பீப்பிள், கோ.”

“ஏழே காலுக்கு?”

“டுவெல்வ் பீப்பிள், கோ.”

“மழை பெய்தால்?”

பெரியவர் வானத்தைப் பார்த்தார். “டுவெல்வ் பீப்பிள், வெட்,” என்றார்.

அண்ணன் அங்கேயே உட்கார்ந்து, அரை நாள் முழுக்க எந்தப் படகு எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று குறித்துக்கொண்டு சராசரி போட்டார். அன்றைக்கே ஏதாவது ஒரு படகில் ஏறி உபினைப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். ஏறவில்லை. அது திட்டத்தில் இல்லை.

சராசரி உதவாது என்று தெரிந்ததும் அவர் கண்ட வழி எளிமையானது: அந்நியர்களை நம்பாமல், நாமே சரியாகப் பன்னிரண்டு பேர் போவது. பன்னிரண்டுக்கு ஒன்று குறைந்தாலும் காத்திருப்பு. ஒன்று கூடினாலும் ஒருவர் கரையில்.

தமிழர்களை வைத்துக்கொண்டு பன்னிரண்டு என்ற எண்ணைப் பிடித்து நிறுத்துவது லேசான காரியமா? குழுவில் “வரேண்ணே” என்று ஒன்பது பேர் சொன்னார்கள். மூன்று பேர் கட்டைவிரல் காட்டினார்கள். அது வருகிறேன் என்பதா, செய்தியைப் பார்த்தேன் என்பதா என்பது கேள்வி. ஒருவர், “என் ரூம்மேட்டையும் கூட்டிட்டு வரலாமாண்ணே?” என்றார். ரூம்மேட்டுக்கு ஒரு தம்பி இருந்தான். அண்ணன் ஒரு மதிப்பீட்டு முறையைக் கண்டுபிடித்தார். “கண்டிப்பா வரேன்” என்றால் முக்கால் ஆள். “வரேன்” என்றால் அரை. “பார்க்கலாம்ணே” கால் ஆள். “இன்ஷா அல்லாஹ்” என்று எழுதிய எங்கள் நாகூர் நண்பரை மட்டும் முழு ஆளாகப் போட்டார். அவர் சொன்னால் வந்துவிடுவார் என்பது அனுபவம். ஏப்ரலில் மொத்தம் ஒன்பதே காலில் நின்றது. மே மாதம் பதினான்கரை. நள்ளிரவில் எழுந்து கூட்டிப் பார்ப்பதாக அண்ணி சொன்னார்.

கடைசி வாரத்தில் ஊரிலிருந்து அண்ணனின் மாமியார் வந்து இறங்கினார். ஒருவரை நீக்கியாக வேண்டும். தம்பி நீக்கப்பட்டான். பன்னிரண்டு.

அந்த ஞாயிறு காலை அதிசயம் நடந்தது. 6.45க்குப் படகுத்துறையில் எல்லோரும் இருந்தோம். அண்ணனின் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒளி. தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படித்தார், ஒவ்வொருவரும் “ஆமாண்ணே” என்றோம். பன்னிரண்டு பெயர், பன்னிரண்டு ஆமாண்ணே. வரிசையாகப் படகில் இறங்கினோம். பெரியவர் விரலை நீட்டி எண்ணிக்கொண்டே வந்தார். கடைசியாக, கால் ஒன்றைப் படகில் வைத்திருந்த அண்ணனிடம் வந்து விரல் நின்றது.

“தர்ட்டீன். யூ வெயிட்.”

வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருவின் சீடர்கள் ஆற்றைக் கடந்து கரையேறி, எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஆளைக் காணோம் என்று அழுத கதை எல்லோருக்கும் தெரியும். அண்ணன் தாளைப் பார்த்தார். அவர் பெயரும் அதில் இருந்தது. ஆனால் பட்டியலில் இல்லை. உச்சியில், தடித்த எழுத்தில், ‘ஏற்பாடு’ என்பதற்குப் பக்கத்தில் இருந்தது. ஆறு மாதம் எங்களைக் காலும் அரையுமாக எண்ணியவர் தன்னை ஒரு முறைகூட எண்ணவில்லை.

“நான் வேணா இறங்கிக்கிறேன் மாப்ள,” என்றார் மாமியார்.

“நீங்க உட்காருங்க அத்தை. அஞ்சே நிமிஷம், பின்னாடியே வந்துடறேன்.” இதைச் சொல்லும்போது அவர் குரலில் சராசரி இருந்தது.

தீவில் இறங்கியதும்தான் தெரிந்தது, தண்ணீர், வரைபடம், ஐந்து தாள் எல்லாம் அண்ணனின் முதுகுப்பையில். எங்களிடம் இருந்தது மாமியாரின் தூக்குச்சட்டி மட்டும். அண்ணனிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. அதற்கும் காரணம் அண்ணன்தான். உபினுக்கு எதிரே ஜொகூர் கரை. தீவில் கால் வைத்ததும் கைப்பேசி பலருக்கு மலேசியாவுக்குத் தாவி, நல்வரவு சொல்லும். கட்டணம் எகிறும் என்று நான்காம் தாளில் அண்ணன் எச்சரித்திருந்தபடி, எல்லோரும் கரையிலேயே வெளிநாட்டு இணைப்பை அணைத்திருந்தோம். வாழ்க்கையில் அவர் சொன்னதை நாங்கள் ஒருசேரக் கேட்டது அந்த ஒரு முறைதான்.

ஆகவே சும்மா இருந்தோம். அங்கிருந்த கூத்து மேடைப் பக்கம் போய்ப் பார்த்தோம். சைக்கிள் கடைக்காரர் ஒவ்வொன்றாக வண்டியை வெளியே தள்ளி நிறுத்துவதை வேடிக்கை பார்த்தோம். மரத்தடியில் உட்கார்ந்து, காலை ஏழரை மணிக்குப் புளிசாதம் சாப்பிட்டோம். செம்மண்ணைக் கீறிக்கொண்டு ஒரு சேவல் வந்தது. நெருப்பு நிறம், வால் கருநீலம்.

“யார் வீட்டுக் கோழி?” என்றார் மாமியார்.

காட்டுக்கோழி, உலகத்து நாட்டுக்கோழிகளுக்கெல்லாம் மூதாதை, பிடித்தால் தண்டனை என்று யாரோ விளக்கினார்கள். மாமியார் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எத்தனை நாளைக்கு உள்ளே போடுவான்?” என்று கேட்டார்.

எட்டே காலுக்கு ஒரு படகு வந்தது. முதலில் அண்ணன் இறங்கினார். பின்னால் ஆறு பிலிப்பினோப் பெண்கள், சைக்கிளோடு மூன்று சீன இளைஞர்கள், பறவை பார்க்கத் தொலைநோக்கி மாட்டிய ஒரு வயதான தம்பதி. எல்லோரும் வரிசையில் நின்றார்கள். எல்லோர் கையிலும் அண்ணனின் உப்புப் பொடி கரைத்த தண்ணீர் பாட்டில். அண்ணன் அவர்களை எண்ணினார். பதினொன்றுக்குப் பிறகு தன் நெஞ்சில் தட்டி “டுவெல்வ்” என்றார். அவர்கள் கைதட்டினார்கள். எங்களுக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

செக் ஜாவாவுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடல் திரும்பிக்கொண்டிருந்தது. நட்சத்திர மீன் இருக்கவேண்டிய இடத்தைப் பலகைப் பாதையிலிருந்து அண்ணன் விரல் நீட்டிக் காட்டினார். முழங்கால் ஆழத் தண்ணீர் தெரிந்தது. வழியில் ஒரு குரங்கு, பிளாஸ்டிக் பையை வெளியே தெரியும்படி வைக்காதீர்கள் என்று அச்சிட்டிருந்த மூன்றாம் தாளை, அது இருந்த பிளாஸ்டிக் பையோடு பிடுங்கிக்கொண்டு போனது. பிற்பகல் புவாகா. அண்ணன் கம்பு ஊன்றி, மூச்சை அளந்து, பாதையின் ஓரத்தில் நின்று நின்று ஏறினார். இந்தத் தீவின் கல்தான் 1851இல் ஹோர்ஸ்பர்க் கலங்கரை விளக்கமாகவும், பிறகு ஜொகூர் பாலமாகவும் ஆனது என்று நிற்கிற இடத்திலெல்லாம் விளக்கினார். நிற்பதற்காகத்தான் விளக்கினார் என்பது என் சந்தேகம். வருஷாவருஷம் பழநிப் படி ஏறுகிற மாமியார் ரப்பர் செருப்போடு முன்னால் போய், உச்சிப் பாறையில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். கீழே குவாரிக் குளம் பச்சையாக, அசையாமல் கிடந்தது. நன்றாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, மாமியார் கேட்டார்:

“மாப்ள, நம்ம வீட்டு ஜன்னல் இதைவிட உசரமில்ல?”

நாங்கள் பன்னிரண்டு பேரும் குளத்தைப் பார்த்தோம்.

“அங்க லிஃப்ட் இருக்கு அத்தை,” என்றார் அண்ணன்.

திரும்புவதற்கு அவர் முன்யோசனையோடு இருந்தார். நாங்கள் பதின்மூன்று, படகு பன்னிரண்டு என்பதை இனி யாரும் அவருக்குச் சொல்லவேண்டியதில்லை. நாலரை மணிக்குத் துறைக்கு வரும்படி எங்களுக்கும் சொல்லியிருந்தார், காலையில் கூட வந்த பதினொருவருக்கும் சொல்லியிருந்தார். மொத்தம் இருபத்துநாலு, இரண்டு படகு, அந்நியர் ஒருவருக்கும் இடமில்லை. இதைவிட அழகான கணக்கு வேண்டுமா?

நாலரைக்கு அந்தப் பதினொரு பேரும் வந்து வரிசையில் நின்றார்கள். எங்களில் மூன்று பேரைக் காணவில்லை. ஒருவர் இளநீருக்குப் போயிருந்தார், ரூம்மேட் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கப் போய்ச் சங்கிலி அறுந்து எங்கோ தள்ளிக்கொண்டு வந்தார், நாகூர் நண்பர் தொழுதுகொண்டிருந்தார். படகு நின்றது. அண்ணன் எங்களை ஒரு பார்வை பார்த்தார், அவர்களை ஒரு பார்வை பார்த்தார். பெரியவர் விரலை நீட்டி எண்ணத் தொடங்கினார். “டுவெல்வ்,” என்றார்.

அண்ணன் ஏறிவிட்டார்.

படகு கொஞ்ச தூரம் போனதும் எழுந்து நின்று, இரு கையையும் வாயில் குவித்து எங்களைப் பார்த்து ஏதோ கத்தினார். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் குடிக்கச் சொல்லியிருப்பார்.

“போகட்டும் விடுங்க,” என்றார் அண்ணி. “வீட்டுச் சாவி என்கிட்டதான் இருக்கு.”