எல்லாம் பக்கந்தானுங்க!

வா கண்ணு, உக்காரு. திருப்பூர் மண்ணரைல குடோன் புடிக்கறயாமா. கண்ணாடி வெச்ச ஆபீசு, ஏசி, வாசல்ல ரெண்டு தொட்டிச் செடி. அப்பறமென்ன, ஜெர்மனிக்காரன் செடியப் பாத்துட்டுத்தானே பனியனுக்கு ஆர்டர் குடுக்கறான்!

"ஸ்டேசன் பக்கம், பஸ்டேண்டு பக்கம், ஏர்போர்ட்டு எட்டற தூரம்"னு புரோக்கர் சொன்னானா? பொய்யே இல்ல. ஆனா உன்ற சரக்கு ஸ்டேசன்ல போயி டிக்கெட் எடுக்கப் போகுதா? கண்டெய்னர்ல ஏறித் தூத்துக்குடிக்குப் போகோணும். அவசரமுன்னா கோயமுத்தூர்ல ஏரோப்ளேன் ஏறோணும். 40 அடிப் பொட்டி ஏத்தற வண்டி, தலையோட சேத்தா 50 அடியத் தாண்டும். அது உன்ற சந்துல திரும்போணும்னா டீக்கடை பெஞ்சத் தூக்கி வெச்சு, எதுத்தூட்டுத் திண்ணைய இடிக்கோணும். திண்ணைக்காரங்கிட்ட நீயே பேசிக்க. ஊத்துக்குளி ரோட்டு ஒத்தக்கண் பாலத்துக்கடியில மழைத்தண்ணி நின்னாலும், உன்ற போன்ல மட்டும் எப்பவும் போல அஞ்சு நிமிசந்தான் காட்டும். நீ போனுக்குள்ளயே சரக்க அனுப்பீரு.

அதுலயும் ஆத்தோரமா இருந்தா இன்னும் விசேசம். காத்து வருமுங்கறான். தண்ணியுந்தான் வரும். 2011 ஞாபகம் இருக்குதா? ஜனவரில, கழிவ ஆத்துல உடற சாயப்பட்டறையெல்லாம் மூடுங்கன்னு ஐகோர்ட்டு சொல்லுச்சு. நவம்பர்ல நொய்யலும் ஜம்மனை ஓடையும் தாங்களே நேர்ல வந்து ஊட்டுக்கூடு கணக்குப் பாத்துட்டுப் போச்சு. உசுருஞ் சேதம். அந்தத் தண்ணி எங்க வரைக்கும் ஏறுச்சுன்னு ஓனரக் கேக்காத, அவன் வெளியூர்ல இருந்திருப்பான். பக்கத்து ஊட்டுக் கெழவியக் கேளு, செவுத்தத் தொட்டே காமிக்கும். தரை, ரோட்டவிட லாரி தட்டு மட்டத்துக்கு ஒசந்திருந்தா தண்ணியுந் தடுக்கும், பொட்டி ஏத்தற ஆளோட இடுப்பும் தப்பிக்கும். இல்லீன்னா அடியடுக்குப் பொட்டி நனையும். முன்னெல்லாம் வெள்ளை பனியன் நொய்யல்ல நனைஞ்சா காசில்லாம கலராவது ஏறிக்கும். இப்ப சாயக்கழிவு ஒரு சொட்டும் ஆத்துல உடக்கூடாதுன்னு ஜீரோ டிஸ்சார்ஜ் வந்து அந்தச் சவுகரியமும் போச்சு.

ஓனரு ஆபீசுக்கும் குடோனுக்கும் ஒரே சதுரடி ரேட்டுப் போடுவான். மாடிப்படி, கக்கூசு எல்லாம் அளவுல சேந்திருக்கும். டேப்ப நீயே புடி.

11 மாசத்துக்கு எழுதிக்கலாம், ரிஜிஸ்தர் வேண்டாம்பான். ஒரு வருசத்துக்கு மேல போனாத்தான் பத்திரம் பதியோணும்னு வெள்ளைக்காரன் 1908-ல எழுதி வெச்சதப் புடிச்சுட்டு இன்னும் சொல்றானுவ. நம்ம தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017-ல வந்து, 2019-ல நடப்புக்கே வந்துருச்சு. 11 மாசமானாலும் எழுத்துல போட்டு, வாடகை அதிகாரிகிட்ட பதியோணும். வாடகைக்கு மேல 18 சதம் ஜிஎஸ்டி, அதயும் பேச்சுலயே சேத்துக்க. நீ காலி பண்ணோணும்னா ஆறு மாசம் முன்னாடி சொல்லோணும், அவன் உன்னையக் காலி பண்ணச் சொன்னா ஒரே மாசம்னு எழுதியிருந்தா, ரொம்பப் பாசமான ஓனரு, கையெழுத்துப் போட்டுரு.

அட்வான்ஸ் குடுக்கறதுக்கு மிந்தி, ஒரு டிரெய்லர்க்காரனக் கூட்டியாந்து மழை பேஞ்ச மறுநாள் கேட் வரைக்கும் ஒருக்கா ரிவர்ஸ் போட்டுக் காட்டச் சொல்லு. டீசலுக்குக் காசு குடு, கஞ்சத்தனம் பண்ணாத.

புரோக்கர் ஒரு மாச வாடகை கமிசன் கேப்பான். எல்லாத்துலயும் பேரம் பேசு கண்ணு, அதுல மட்டும் பேசாத. பையன் நம்ம ஒரம்பரைதான்.