கோழிக்கு உண்டு ஆலோசனை

நாமக்கல் மாவட்டத்தில் கோழியாகப் பிறக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். வெயில் ஏறப்போகிறது, கொட்டகையில் தண்ணீர் தெளியுங்கள், தீவனத்தில் இன்னதைச் சேருங்கள் என்று கால்நடை மருத்துவக் கல்லூரி பண்ணையாளர்களுக்கு அறிக்கை விடும். பத்திரிகைகளும் தவறாமல் போடும். கோழிக்கு மூச்சு வாங்கினால் கவலைப்பட ஓர் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது.

சேந்தமங்கலத்தில் ஒரு தாய், பத்தாவது படிக்கும் மகன் அக்காளின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, கதவைத் தாழிட்டு, பீரோ கண்ணாடி முன் நிற்பதை ஜன்னல் வழியே பார்த்துவிட்டாள் என்று வையுங்கள். அவளுக்கு மூச்சு வாங்கினால் யாரைக் கேட்பது?

ஏன், ஊர் இல்லையா? முதலில் பெரியப்பா வருவார். "நாலு சாத்து சாத்துனா நேராயிருவான்டா" என்று தம்பிக்கு வைத்தியம் சொல்வார். அடுத்து அத்தை. "யாரோ செஞ்சு வெச்சுட்டாங்க கண்ணு, மந்திரிச்சுக் கயிறு கட்டோணும்." சோதிடர் ராகுவைப் பிடிப்பார். எதுவும் பலிக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது கால்கட்டு. எவளோ ஒரு பெண்ணின் வாழ்க்கையையும் சேர்த்துப் பாழாக்கிவிட்டு, "நாங்க செய்ய வேண்டியதச் செஞ்சுட்டோமுங்க" என்று கையைக் கழுவலாம். இத்தனை சேவையும் இலவசம்.

இந்தப் பக்திமான்கள் எல்லாரும் திருச்செங்கோட்டு மலை ஏறியவர்கள்தான். இதே மாவட்டம். ஒரு பாதி ஆண், மறுபாதி பெண்ணாக நிற்கும் அர்த்தநாரீசுவரர் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, வைகாசியில் தேர் வடமும் பிடிப்பார்கள். சாமி அப்படி இருந்தால் தத்துவம். பெற்ற பிள்ளை இருந்தால் மானக்கேடு.

பக்கத்துச் சேலத்தில் பிறந்த திருநங்கை பிரித்திகா யாஷினியை இப்போது எல்லாருக்கும் தெரியும். காவல் உதவி ஆய்வாளர் வேலைக்கு விண்ணப்பித்தபோது ஆண், பெண் என்ற இரண்டு கட்டத்துக்குள் அவர் அடங்கவில்லை என்று நிராகரித்தார்கள். கட்டம் போட மறந்தது அரசு, தண்டனை விண்ணப்பித்தவருக்கு. விடாமல் கோர்ட் ஏறினார். 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2017-ல் தர்மபுரியில் பணி. நாட்டின் முதல் திருநங்கை உதவி ஆய்வாளர்! உடனே "நம்ம ஏரியாப் பொண்ணு" ஆகிவிட்டார். வீட்டை விட்டுச் சென்னைக்குப் போய் வேலையும் தங்க இடமும் தேடிய நாட்களில் அந்தப் பொண்ணு எந்த ஏரியா என்று ஒருவரும் கேட்கவில்லை. தோளில் நட்சத்திரம் ஏறிய பிறகுதான் நமக்குச் சொந்தபந்தம் நினைவுக்கு வருகிறது.

அரசு சும்மா இருக்கிறதா என்றால் இல்லை. இந்தியாவிலேயே முதன்முதலாக 2008-ல் திருநங்கையர் நல வாரியம் அமைத்தது தமிழ்நாடு. ஏப்ரல் 15 திருநங்கையர் தினம்; மேடை, சால்வை, போட்டோ. 2021 முதல் நகரப் பேருந்தில் இலவசப் பயணம். ஏறினால் டிக்கெட்டுக்குக் காசு கிடையாது, பக்கத்தில் உட்கார ஆளும் கிடையாது.

டெல்லி இன்னும் கெட்டி. 2019-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திருநங்கையை வீட்டை விட்டோ ஊரை விட்டோ துரத்தினால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை என்றது. நல்லது. பாலியல் வன்முறைக்கு? அதற்கும் அதே 6 மாதம் முதல் 2 ஆண்டுதான். மற்றப் பெண்ணுக்கு நேர்ந்தால் வல்லுறவுக்குக் குறைந்தது 10 ஆண்டு. இவர்கள் உடம்புக்குத் தள்ளுபடி விலை. அதே சட்டத்தில் குடும்பம் என்றால் ரத்தம், திருமணம், தத்து, அவ்வளவுதான். பெற்றவர்கள் பார்த்துக்கொள்ள முடியாவிட்டால் பிள்ளையைக் கோர்ட் மறுவாழ்வு இல்லத்துக்கு அனுப்பும். நடுத்தெருவில் நின்றவளைக் கூட்டிப் போய்ச் சோறு போட்டு, திருநங்கையர் ஜமாத்தில் ரீத்து என்ற சடங்கு செய்து மகளாக்கிக்கொண்ட அம்மா, சட்டத்தின் கண்ணுக்கு யாரோ எவரோ.

கடைக்காரர் கண்ணுக்கும் அப்படித்தான். கடைகடையாகக் காசு கேட்டு வரும் திருநங்கையிடம் கல்லாவிலிருந்து பத்து ரூபாயை எடுத்து நீட்டி, தலையைக் குனிந்து ஆசீர்வாதம் வாங்குவார், வியாபாரம் செழிக்குமாம். அதே கடைக்கு மேலே 'வீடு வாடகைக்கு' என்று அட்டை தொங்கும். கேட்டுப் பாருங்கள். "ஃபேமிலிக்கு மட்டுந்தானுங்க." வாக்குக்குச் சக்தி உண்டு, வாடகைக்குத் தகுதி இல்லை.

2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. ஒருவரையொருவர் காதலித்து, பெற்றோருக்குப் பயந்து ஓடிவந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். பெற்றோரையும் ஆலோசனைக்கு அனுப்பினார். மாற்றிக் காட்டுகிறேன் என்று வைத்தியம் பார்ப்பவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார். உயர் நீதிமன்ற நீதிபதிக்கே பாடம் தேவைப்பட்டது. நம் பெரியப்பாவுக்குத் தேவையில்லை, அவர் பிறக்கும்போதே படித்து முடித்தவர்.

அடிக்க ஆள் இருக்கிறது, கயிறு கட்ட ஆள் இருக்கிறது. "உன் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, வீட்டிலேயே வைத்துப் படிக்க வை" என்று அந்தத் தாயிடம் விவரத்தோடு சொல்ல மட்டும் ஆள் இல்லை. அவள் வீட்டிலேயே வைத்துக்கொண்டால் தெருவில் இன்னொரு பிள்ளை கை நீட்டி நிற்காது என்பது இத்தனை திட்டம் தீட்டியவர்களுக்கு உறைக்கவேயில்லை.

திங்கட்கிழமைகளில் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. பட்டா, பாதை, குடிநீர் மனுக்களோடு இதையும் எழுதிக் கொடுங்கள்: சேந்தமங்கலம் அரசு ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு ஒரு நாளாவது, பெற்றவர்களிடம் பேச விவரம் தெரிந்த ஒருவர் வேண்டும். ஆள் வந்ததும் பெரியப்பாவையும் கையோடு கூட்டிப் போங்கள். முதல் டோக்கன் அவருக்குத்தான்.