மலையேற்றத்தில் சிப்ஸ் பாக்கெட் உப்பும் இயல்பு: ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்

கள்ளக்குறிச்சி பெட்டிக்கடையில் சரத்திலிருந்து பிய்த்துக் கொடுத்த சிப்ஸ் பாக்கெட், கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டிக் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்குப் பஸ் சேர்வதற்குள் ஊதிப் பருத்துவிடுகிறது. ஓரத்துச் சுருக்கங்கள் மறைகின்றன. அச்சடித்த விலை வளைந்து தெரிகிறது. விரலால் சுண்டினால் உடுக்கை போலச் சத்தம் வருகிறது. உள்ளிருக்கும் சிப்ஸ் மட்டும் பருப்பதில்லை. பாக்கெட் உப்புவதன் காரணம் யாது?

பிறர் கொள்கையும் மறுப்பும்

சரக்கு கெட்டுப்போனதால் உப்பியது என்பர் ஒரு சாரார். வெவ்வேறு தேதியிட்ட பாக்கெட்டுகள் எல்லாம் கடையில் ஒழுங்காக இருந்துவிட்டு, ஒரே மலைப்பாதையில் கூடிப் பேசிக் கெட்டுப்போவது உலக வழக்கு அன்று. வெயிலால் உப்பியது என்பர் மற்றொரு சாரார். மேலே போகப் போகக் குளிர்கிறது; குளிர்ந்த காற்று சுருங்கும். ஆதலின் அதுவும் பொருந்தாது. "கம்பெனிக்காரன் காத்தடைச்சு ஏமாத்துறான்" என்பது கண்டக்டர் கொள்கை. இது பாதி மெய். அடைத்தது நைட்ரஜன், எண்ணெய்ப் பண்டம் சிக்கு வாடை அடிக்காமலும் நொறுங்காமலும் இருக்க அடைத்தது. ஆயினும் அதை ஆலையிலேயே அடைத்தாயிற்று. நடுவழியில் எவரும் பஸ் ஏறி வந்து அடைக்கவில்லை.

துணிபு

பாக்கெட்டுக்குள் எதுவும் கூடவில்லை, வெளியேதான் குறைந்தது. 1648-இல் பிரான்சில் பாஸ்கலின் மைத்துனர் பெரியே, பாதரசக் குழாயை மலைமேல் கொண்டுபோய், உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் தாழ்வதைக் காட்டினார். அழுத்தம் குறைந்தால் அதே வாயு அதிக இடம் பிடிக்கும் என்பது 1662-இல் பாயில் வெளியிட்ட விதி. கல்வராயன் மலையின் உயரமோ 2,000 முதல் 3,000 அடி. 2,500 அடியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஏறக்குறைய 9 விழுக்காடு குறைவு. வெளியே நெருக்கடி தளர்ந்ததும் உள்ளே அடைபட்ட நைட்ரஜன் காலை நீட்டிக்கொள்கிறது.

பயணியின் காது அடைப்பதும் இதனாலேயே. நடுச்செவியில் தங்கிய காற்று விரிந்து செவிப்பறையைத் தள்ளும். எச்சிலை விழுங்கினால் தொண்டைக்கு இறங்கும் சிறு குழல் திறந்து அழுத்தம் சரியாகும். பாக்கெட்டுக்கு விழுங்கத் தெரியாது, ஆகவே உப்புகிறது.

எதிர்மறைச் சான்று

வெள்ளிமலையில் தண்ணீரைக் குடித்து முடித்து இறுக மூடிய பிளாஸ்டிக் பாட்டில், கள்ளக்குறிச்சியில் இறங்கும்போது விலா ஒடுங்கி நெளிந்திருக்கும். மூடியைத் திருகினால் "உஸ்" என்று காற்றை உள்ளிழுத்துப் பழைய உருவம் பெறும்.

மேலாய்வுக்கு உரியது

உப்பிய பாக்கெட் மலையிறங்கும்போது எந்த இடத்தில் பழைய சுருக்கத்தைத் திரும்பப் பெறுகிறது என்பது ஆராயத்தக்கது. ஆனால் மலையிலுள்ள பெரியார் அருவியில் குளித்துப் பசியோடு திரும்பும் கூட்டத்தில் பிரிக்காத பாக்கெட் ஒன்றுகூட அகப்படாமையின், இத்துறை இன்னும் வளராமலே கிடக்கிறது.