வாசலில் ஒரு தோட்டம், தெருவுக்கும் ஒரு பங்கு

கே: ஆரணியில் வீடு கட்டியிருக்கிறோம். வாசலில் 10 அடிக்கு 6 அடி இடம். ஆளுயர மதில் எழுப்பி உள்ளே தோட்டம் போடலாமா?

ப: போடலாம், பூச்செடி வைத்த ஜெயில் மாதிரி இருக்கும். மதிலை இடுப்பளவோடு நிறுத்துங்கள். உங்கள் எல்லைக்குள்ளேயே வெளிப்பக்கம் பார்த்தபடி ஒரு குட்டித் திண்ணை கட்டுங்கள். செடிக்குக் காவல் தானாக வந்து உட்காரும்.

கே: மதிலோரம் காகிதப்பூ?

ப: தெருவில் நெசவுக்குப் பாவு நீட்டுகிறார்களா? அப்படியென்றால் வேண்டவே வேண்டாம். நெசவாளர் தெருவில் விடிந்ததும் தெருதான் பட்டறை. நீளத்துக்கும் பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, அறுந்த இழையைக் கண்ணால் தேடி, விரலால் பிணைப்பார்கள். காகிதப்பூவுக்கு முள் உண்டு. காற்றில் ஒரு கிளை ஆடி இழையில் மாட்டினால், நீங்கள் பேச்சு வாங்குவது நியாயம்தான். இட்லிப்பூ வையுங்கள், முள் கிடையாது.

கே: நிழலுக்கு நாவல்?

ப: அறுபது சதுர அடியிலா? பழம் விழுந்தால் தெருவுக்கே ஊதாச் சாயம். பவழமல்லி போதும், அதையும் உள்பக்கமாக வையுங்கள். அதன் ஆரஞ்சுக் காம்பிலிருந்து ஒரு காலத்தில் பட்டுக்குச் சாயம் எடுத்தார்கள், பட்டு நெய்யும் ஆரணிக்குப் பொருத்தம்! தரையில் உதிர்ந்ததையே சாமிக்கு வைக்கலாம் என்ற சலுகையும் அந்தப் பூவுக்கு உண்டு. காலையில் பொறுக்கப் பிள்ளைகள் வருவார்கள். பெருக்கும் வேலை பாதி மிச்சம்.

கே: பக்கத்து வீட்டு அக்கா கேட்காமலே கறிவேப்பிலை பறிக்கிறார்!

ப: நீங்கள் ஊருக்குப் போனால் செடிக்குத் தண்ணீர் ஊற்றப்போவது யார்? கொத்து கொத்தாகக் கிள்ளினால்தான் கறிவேப்பிலை கிளைத்து வளரும். செடியை மதிலோரமாக நட்டுவிடுங்கள், எட்டிப் பறிக்கும் சிரமம் அவருக்கு வேண்டாம்.

கே: எதற்கு வம்பு, வாசல் முழுக்க சிமென்ட் போட்டுவிட்டால்?

ப: மழைத் தண்ணீர் முழுக்கத் தெருவுக்கு ஓடும். மழைநீர் சேகரிப்பு 2003-லேயே தமிழ்நாட்டில் கட்டாயமாகிவிட்டது. உங்கள் ஊர் கமண்டல நாகநதியில் வருஷம் பூராவும் தண்ணீர் ஓடுகிறதா என்ன? கோலத்துக்கு ஒரு துண்டு விட்டு, மீதியை மண்ணாகவே வையுங்கள்.

கே: சரி, எங்கே ஆரம்பிப்பது? நர்சரியிலா?

ப: இல்லை, தெருவில். பாவு நீட்டுகிறவர்களிடம் எந்தப் பக்கம் கம்பு நடுவார்கள், எவ்வளவு அகலம் வேண்டும் என்று கேளுங்கள். நர்சரிக்கு அப்புறம் போகலாம்.