எழுத்து வேட்டை

எழுபதுகளில் சித்தூரில் படித்த எங்களுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, அதற்கப்புறம்தான் அது. எழுந்து நின்று ஒரு வாக்கியம் பேசச் சொன்னால் வகுப்பே தலை குனியும். அந்த வகுப்பில் எங்கள் ஆங்கில வாத்தியார் சனிக்கிழமை கடைசி பீரியடில் பாடப் புத்தகத்தை மூடிவிடுவார். கரும்பலகையில் ஒரு நிபந்தனை எழுதுவார். ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஐந்தும் உள்ள சொல் வேண்டும். அல்லது, அந்த ஐந்தில் ஒன்றுகூட இல்லாத சொல். அல்லது, இரட்டை எழுத்து மூன்று முறை அடுத்தடுத்து வரும் சொல். திங்கட்கிழமை பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே, "ஏரா, தொரிகிந்தா?" (என்னடா, கிடைச்சுதா?) என்று தெலுங்கில் கேட்பார். நீளமான சொல் கொண்டுவந்தவனுக்கு ஒரு பென்சில்.

பென்சில் வாங்கியவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசத் தெரியாத பிள்ளைகள். உச்சரிப்பு தெரிய வேண்டாம், அர்த்தம்கூட உடனே தெரிய வேண்டாம், எழுத்து தெரிந்தால் போதும். கலெக்டர் ஆபீஸ் அதிகாரியின் மகனும் வெல்ல மண்டியில் மூட்டை தூக்குபவரின் மகனும் அந்த ஒரு பீரியடில் சமமாக நின்றார்கள். ஆங்கிலத்தைக் கண்டு நான் பயப்படாமல் போனதற்கு இலக்கணப் பாடம் காரணமில்லை, இந்த வேட்டைதான்.

ஆயுதம், அட்டை கிழிந்த லிஃப்கோ அகராதி. அகராதி முதல் எழுத்துக்குத்தான் வழி காட்டும். சொல்லின் நடுவே க்யூ எங்கே வருகிறது, கடைசியில் எக்ஸ் எங்கே வருகிறது என்று அதனிடம் கேட்க முடியாது. பக்கம் பக்கமாக விரல் வைத்துப் படிக்க வேண்டும். தமிழில் இதற்கும் வழி செய்திருந்தார்கள் என்பது பின்னால் தெரிந்தபோது பெருமையாக இருந்தது. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி சொற்களை எதுகைப்படி, அதாவது இரண்டாம் எழுத்தை வைத்து வரிசைப்படுத்துகிறது. முதல் எழுத்து வரிசைக்கு நாம் வந்தது 1594-ல், சிதம்பரம் ரேவண சித்தரின் அகராதி நிகண்டோடு. செய்யுள் எழுதுகிறவனுக்கு எந்த இடத்தில் எந்த எழுத்து தேவை என்று யோசித்து அகராதி செய்த மரபு நம்முடையது.

ஐந்து உயிரெழுத்துக்கு 'எஜுகேஷன்' எல்லோருக்கும் கிடைத்தது. ஐந்தும் அகர வரிசையிலேயே வரும் 'அப்ஸ்டீமியஸ்', 'ஃபஸீஷியஸ்' கிடைக்கத் திருப்பதி போக வேண்டியிருந்தது. 1954-ல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் அண்ணன் படித்துக்கொண்டிருந்தார். அங்கே நூலகத்துப் பெரிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலிருந்து எனக்காகக் குறித்துக்கொண்டு வருவார். எந்த எழுத்தும் இரண்டாம் முறை வராத 15 எழுத்துச் சொல் அவர் கொண்டுவந்ததுதான்: 'டெர்மட்டோகிளிஃபிக்ஸ்', கைரேகையைப் பற்றிய படிப்பு. 'ஃப்ளாக்ஸிநாஸிநிஹிலிபிலிஃபிகேஷன்' என்ற 29 எழுத்துச் சொல்லும் அப்படி வந்தது. அதில் ஐ ஒன்பது முறை வருகிறது, ஈ ஒருமுறைகூட இல்லை. 1741-ல் வில்லியம் ஷென்ஸ்டன் என்ற ஆங்கிலக் கவிஞர் ஒரு கடிதத்தில் எழுதிய சொல் அது. 2018 அக்டோபரில் சசி தரூர் அதை ட்விட்டரில் போட்டபோது நாடே போனை எடுத்துத் தேடியது.

இப்போது திருப்பதியில் இருக்கும் என் பேத்தி முறைப் பெண்ணுக்கு நல்ல ஆங்கிலம். எங்கள் வாத்தியாரின் நிபந்தனைகளில் ஒன்றைச் சொன்னேன். போனில் எழுத்துகளைத் தட்டினாள், பட்டியல் வந்துவிட்டது. "இதுக்கா தாத்தா ரெண்டு நாள் தேடுனீங்க?" என்றாள். போன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதுவும் நாங்கள் செய்ததையே செய்கிறது: சொற்பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்க்கிறது. படித்தது போன், பிள்ளை படிக்கவில்லை என்பதுதான் வித்தியாசம். ஐந்து எழுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்கும் 'வேர்டில்' விளையாட்டு 2021-ல் வெளியாகி உலகமே விளையாடியதைப் பார்த்தால், இந்த ஆசை யாரையும் விட்டுப் போகவில்லை என்று தெரிகிறது. போனது பள்ளிக்கூடத்தில் அதற்கிருந்த இடம்தான்.

எங்கள் பக்கத்தின் மிக நீளமான சொல் எந்த அகராதியிலும் இல்லை, ரயில்வே பிளாட்பாரத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து திருப்பதி போகும் பாதையில், திருத்தணி, பொன்பாடி தாண்டி, நகரிக்கு முன்னால் வரும் சின்ன ஸ்டேஷன்: வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டா. ஆங்கிலத்தில் 28 எழுத்து. ஏ மட்டும் எட்டு முறை. ஓ தவிர மற்ற உயிரெழுத்து எல்லாம் உண்டு. இந்திய ரயில் நிலையங்களில் மிக நீளமான பெயர் என்று நெடுங்காலம் இதைத்தான் சொன்னார்கள். 2019-ல் சென்னை சென்ட்ரலுக்கு எம்.ஜி.ஆர். பெயர் வைத்ததும் அந்தப் புகழ் சென்னைக்குப் போனது. ஆனால் சென்னையின் பெயர் பல சொற்கள் சேர்ந்தது, இது இடைவெளியில்லாத ஒரே சொல். வேல்ஸ் நாட்டில் 58 எழுத்துப் பெயர் கொண்ட ஓர் ஊர் இருக்கிறது. பயணிகளை இழுப்பதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீட்டிவைத்த பெயர் அது. இன்றும் அதன் பலகை முன்னால் நின்று படம் எடுக்க உலகம் போகிறது. நம் ஊரை அப்படி யாரும் நீட்டவில்லை. ஒரு ராஜுவின் பெயரும் பேட்டை என்ற சொல்லும் சேர்ந்த இயல்பான பெயர். வேகவண்டிகள் அங்கே நிற்பதில்லை.

சித்தூரிலும் திருப்பதியிலும், ஆந்திராவுக்கு இந்தப் பக்கம் திருத்தணியிலும் ஆங்கிலம் சொல்லித் தரும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். வாரத்தில் ஒரு பீரியட் இந்த வேட்டைக்குக் கொடுங்கள். அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா வரை உள்ள ஸ்டேஷன் பெயர்களிலிருந்தே தொடங்கலாம், பிள்ளைகளுக்குத் தெரிந்த பெயர்கள். தமிழிலும் தெலுங்கிலும் இதே விளையாட்டை நடத்தலாம். பெரிய செலவு எதுவும் இல்லை, பெஞ்சுக்கு ஓர் அகராதி போதும்.